வாசலில் வந்து நிற்கும் வாயில்லா உயிர்



நம் லயங்களில் வேலி அடைத்த வீடுகள் குறைவு. ஒரு வீட்டுக் கோழி மறு வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறும். மேல் லயத்து ஆடு கீழ் லயத்து மரவள்ளியைக் கடிக்கும். யார் வீட்டதென்று தெரியாத பூனை அடுப்பங்கரையில் கருவாட்டை இழுத்துக்கொண்டு ஓடும். இவற்றால் எழும் சண்டை காலைப் பெரட்டுவரை போய், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் இரு குடும்பங்கள் பேசாமல் இருக்கும் நிலைக்கும் வந்திருக்கிறது. சண்டையிட்ட பெரியவர்கள் ஒரு நாள் சமாதானம் அடைவார்கள். ஆனால் அன்று வீசிய கல்லும் கொட்டிய கொதிநீரும் அந்த வாயில்லா உயிரின் உடம்பில் வடுவாக நின்றுவிடும்.

நம் இல்லத்து எல்லைக்குள் வழிதவறி வரும் விலங்கை எவ்வாறு நடத்துவது என்பதைப் பற்றியே இப்பாடத்தை எழுதுகிறேன். இதை எழுதும் தகுதி எனக்கு உண்டோ என்னும் ஐயத்துடனேயே எழுதுகிறேன். அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளிக்கு அருகிலிருந்த பழைய லயத்தின் ஒரு பகுதி காலி செய்யப்பட்டது. அங்கிருந்த குடும்பங்கள் நகர்ப்புறத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அங்கே நாய் வளர்க்க இடமில்லை. செம்பழுப்பு நிறத்துப் பெட்டை நாய் ஒன்று பின்தங்கிவிட்டது. பூட்டிய கதவின் முன் பல நாள் படுத்துக் கிடந்தது. பிறகு பசி தாளாமல், பிள்ளைகள் சிற்றுண்டி உண்ணும் வேளை பார்த்துப் பள்ளி வாயிலுக்கு வரத் தொடங்கியது. அதன் கழுத்தில் பழைய தோல்வார் இருந்ததை நான் கண்டேன். ஒரு காலத்தில் அதற்கும் ஒரு வீடு இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும், "பள்ளி வளாகத்தில் நாய் கூடாது, விரட்டுங்கள்" என்று காலைச் சபைக் கூட்டத்தில் நானே கூறினேன். எப்படி விரட்டுவது என்று கூறவில்லை. பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த வழியில் விரட்டினார்கள். கல் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள், வடிகால் ஓரத்தில் ஒடுங்கி நின்ற அந்த நாயை ஒரு நான்காம் ஆண்டு மாணவன் குச்சியால் சீண்டினான். அது அவன் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அடி விழும் என்னும் அச்சம் ஒரு புறம், தலைமையாசிரியர் திட்டுவார் என்னும் அச்சம் மறு புறம். நீண்ட காலுறையை இழுத்து மறைத்துக்கொண்டு இரண்டு நாள் பள்ளிக்கு வந்தான். கால் வீங்கி, நொண்டி நடந்ததைப் பார்த்து வகுப்பாசிரியை கேட்டபோதுதான் அழுதான்.

அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடித்து எவ்வளவு நேரமாயிற்று?" என்பது. இரண்டாவது கேள்வி, "அந்த நாய் உயிரோடு இருக்கிறதா?" என்பது. அந்த நேரத்தில் லயத்து இளைஞர்கள் சிலர் இரும்புக் குழாயுடன் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் தொலைபேசியில் அவர்களைத் தடுத்தேன். மருத்துவர் அவ்வாறு கேட்டதன் பொருள் எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை. பின்னர்தான் படித்தறிந்தேன்.

வெறிநாய்க்கடி நோய் ஒரு கிருமியால் வருவது. நோயுற்ற விலங்கின் எச்சிலில் அக்கிருமி இருக்கும். கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மெல்ல மெல்ல ஊர்ந்து மூளையை அடையும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சில வேளைகளில் ஒரு வாரத்திலேயே அடையலாம், ஓராண்டும் ஆகலாம். மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டால் அதன்பின் பிழைத்தவர் மிக மிக அரியர். தோன்றுமுன் ஊசி போட்டுக்கொண்டால் காப்பாற்றிவிடலாம். இந்த இடைவெளிதான் மனிதனுக்குக் கிடைத்த வாய்ப்பு. 1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் என்னும் அறிஞர், நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தடுப்பூசி போடச் செய்து உயிர் காத்தார். நம் தமிழகத்தில், நீலகிரி மலையின் குன்னூரில் 1907இல் பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் தொடங்கப்பெற்று, தென்னாட்டு மக்களுக்கு இந்த மருந்தை வழங்கியது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாளையே இன்று உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கின்றனர்.

வெறிநோய் கண்ட நாய் நெடுநாள் பிழைக்காது. ஆகவே கடித்த நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனித்தால் போதும். அது நலமாகவே இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று தெளிவு பெறலாம். அடித்துக் கொன்று ஆற்றில் எறிந்துவிட்டால் அந்தத் தெளிவையும் சேர்த்தே எறிந்துவிடுகிறோம். மருத்துவரின் கேள்விக்குப் பொருள் இதுவே.

"நம் நாட்டில் இந்நோய் இல்லையே" என்று கேட்பவர் உண்டு. பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2015 செப்டம்பரில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அம்மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். உலகளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பத்தில் நால்வர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். ஏன் சிறுவர்கள்? அவர்கள் நாயுடன் விளையாடுகிறார்கள், சீண்டுகிறார்கள், கடி பட்டால் மறைக்கிறார்கள். எங்கள் பள்ளி மாணவன் செய்ததைத்தான் உலகெங்கும் பிள்ளைகள் செய்கிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, இதை ஒரு வேண்டுகோளாகவே எழுதுகிறேன். நாய் கடித்ததென்று சொல்லும் பிள்ளையை அடிக்காதீர்கள். அந்த ஓர் அடிக்கு அஞ்சியே அடுத்த முறை அவன் வாய் திறக்க மாட்டான். உடனே ஓடும் நீரில், சவர்க்காரம் இட்டு, 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நெடுநேரம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள் எதையும் அப்ப வேண்டா. பிறகு மருத்துவமனை. பூனை கடித்தாலும், பிறாண்டினாலும் அவ்வாறே. முற்காலத்தில் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று பாட்டிமார் சொன்ன கதை இன்றைக்குப் பொருந்தாது. இப்போது கைப்புயத்தில் நான்கைந்து ஊசிகளே.

மாணவர்களே, அறியாத நாய் எதிரே வந்தால் ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். மரம் போல் அசையாது நில்லுங்கள். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அதன் கண்களை உற்று நோக்காமல் தரையைப் பாருங்கள். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கீழே விழ நேர்ந்தால் பந்து போல் சுருண்டு, காதையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் நெருங்காதீர்கள். வாலை ஆட்டுவதெல்லாம் நட்பு அன்று. வால் விறைத்து உயர்ந்து, முதுகு மயிர் சிலிர்த்திருந்தால் அது எச்சரிக்கை. வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு பம்மும் நாய் அஞ்சுகிறது. அஞ்சும் நாய்க்குத் தப்ப வழியில்லை என்றால் அதுவும் கடிக்கும். அன்று வடிகால் ஓரத்தில் நடந்தது அதுதான்.

நாயைப் பற்றி இழிவாகப் பேசுவது நம்மிடையே பழகிவிட்டது. ஒருவரை ஏச வேண்டுமானால் முதலில் வாயில் வருவது அந்தச் சொல்தான். ஆனால் நம் முன்னோர் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, அதாவது ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமையுடையது. ஆநிரை காக்கும் போரில் விழுந்த வீரனுக்காக நடப்பட்டது. அந்த வீரனோடு அவன் நாயும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. அக்காலத்தில் எத்தனையோ செல்வர் வாழ்ந்திருப்பர். அவர்கள் பெயரெல்லாம் மறைந்துவிட்டது. ஒரு நாயின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. வரலாறு கற்பிக்கும்போதெல்லாம் இதை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. பாரதக் கதையில் தருமன் தன்னைப் பின்தொடர்ந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகம் புக மறுத்ததையும், திருவாரூரில் தேர்க்காலில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததையும் நீங்கள் அறிவீர்கள். அந்தப் பசு தெருவில் திரிந்த பசுதான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இன்று மணி இல்லை, சட்டம் இருக்கிறது. 1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தின் கீழ் விலங்கைத் துன்புறுத்தியவருக்கு நெடுங்காலம் விதிக்கப்பட்ட உச்ச அபராதம் 200 ரிங்கிட் மட்டுமே. பின்னர் அது உயர்த்தப்பட்டது. 2015இல் நிறைவேறி 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டம், 20,000 ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 100,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமலும் அபராதமோ, மூன்றாண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. "என் வீட்டு எல்லைக்குள் வந்தது, அதனால் அடித்தேன்" என்பது அச்சட்டத்தின் முன் நிற்கும் வாதம் அன்று. நிலம் நமதாயிருக்கலாம், அந்த நிலத்தில் நிற்கும் உயிர் நமதன்று.

அப்படியானால் என்ன செய்வது? வீட்டு முற்றத்தில் அறியாத நாயோ பூனையோ வந்து நின்றால், முதலில் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். வெயிலில் அலைந்த விலங்குக்குச் சோற்றைவிட நீரே முதல் தேவை. கழுத்தில் வார் உண்டா, குட்டி ஈன்ற மடி தெரிகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். வார் இருந்தால் அது யாரோ தேடும் பிள்ளை. கடைத் தெருவிலும் கோயிலிலும் சொல்லி வையுங்கள். இப்போது எல்லோர் கையிலும் கைப்பேசி உண்டு. ஒரு படம் எடுத்துத் தோட்டத்துக் குழுவில் அனுப்பினால் பெரும்பாலும் அந்தி சாயுமுன் உரியவர் வந்துவிடுவார். பூனைக்குட்டிகளைப் புதரில் கண்டவுடன் அள்ளி வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். பசும்பால் கொடுத்தால் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். வெறிகொண்டு உமிழ்நீர் ஒழுக, தள்ளாடி வரும் விலங்கைக் கண்டால் மட்டும் அருகே போகாமல், பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, கால்நடைச் சேவைத் துறைக்கோ ஊராட்சி மன்றத்துக்கோ அறிவியுங்கள்.

விரட்டவே வேண்டியிருந்தால், கையைத் தட்டி அதட்டினால் போதும். வாளியில் இருக்கும் குளிர்ந்த நீரைக் காலடியில் வீசினால் போதும். அவை திரும்ப வராமலிருக்க வேண்டுமானால், மீன் கழிவையும் சோற்றையும் திறந்த தொட்டியில் கொட்டாமல் இருக்க வேண்டும். குப்பைத் தொட்டியைத் திறந்து வைத்துவிட்டு நாயை ஏசுவது, விருந்துக்கு அழைத்துவிட்டு வந்தவரைக் கோபிப்பது போன்றது.

நஞ்சு வைக்கும் கொடுமையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செம்பனைக் காட்டில் எலியை ஒழிக்க மெழுகுக் கட்டியாக மருந்து வைக்கிறார்கள். அது இரத்தம் உறையாமல் செய்து மெல்லக் கொல்லும் மருந்து. அதைச் சில வீடுகளில் கொண்டுவந்து கருவாட்டில் வைத்து அயலார் பூனைக்கும் நாய்க்கும் இடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். மருந்துண்டு சாகும் எலியைத் தின்ற பூனையும், ஆந்தையும்கூட அதே நஞ்சால் மடியலாம். ஆந்தையை எலி பிடிக்கவென்றே கூடு கட்டி வளர்க்கும் தோட்டங்கள் நம் நாட்டில் பல உண்டு. எலியைத் தின்பதைக் கொன்றுவிட்டு எலியைக் குறை கூறி என்ன பயன்? வாசலில் கிடக்கும் நஞ்சுக் கட்டியை மூன்று வயதுக் குழந்தை மிட்டாய் என்று எடுக்காது என்பதற்கு யார் பொறுப்பு?

மாடு, ஆடுகளின் கதை வேறு. இங்கே பிழை பெரும்பாலும் வளர்ப்பவர்மேல்தான். இளங்கன்று நட்ட செம்பனைப் பகுதியில் மாட்டை அவிழ்த்துவிடுவதும், இருட்டிய பின் நெடுஞ்சாலையில் படுக்க விடுவதும் மாட்டுக்கும் கேடு, மோட்டார் சைக்கிளில் வரும் தொழிலாளிக்கும் கேடு. உர மூட்டைக் கிடங்கின் அருகே திரியும் மாடு யூரியா உப்பை நக்கிச் சாவதும் உண்டு. அயலார் மாடு நம் தோட்டத்துக்குள் வந்தால் அரிவாளை எடுக்காதீர்கள். நிழலில் கட்டி, தண்ணீர் காட்டி, உரியவருக்கு ஆள் அனுப்புங்கள். காதில் அடையாள வில்லை இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தின்ற பயிருக்கு ஈடு கேட்பது உங்கள் உரிமை. அதை மாட்டின் முதுகில் எழுதிக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் அண்டை அயலில் மலாய்க்கார அன்பர்கள் வாழ்கிறார்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி ஏழு முறை கழுவித் தூய்மை செய்ய வேண்டும், அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால். நம் நாய் அவர்கள் வீட்டுப் படியேறினால் அது நமக்குச் சிறிய செய்தி, அவர்களுக்கு அன்றைய தொழுகைக்கு இடையூறு. அவர்கள் பலர் பூனையைப் பேரன்புடன் வளர்ப்பவர்கள். நம் நாய் அவர்கள் பூனையைத் துரத்தாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமை. நாய்க்கு உரிமம் எடுத்துக் கட்டி வளர்ப்பதை வெறும் அரசாங்கக் கெடுபிடி என்று எண்ண வேண்டா.

தெருநாய்ப் பெருக்கத்தைக் கொன்றே ஒழிக்கலாம் என்பது பழைய எண்ணம். சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கு மேலாக அதைச் செய்து பார்த்தது. நாய்கள் குறையவில்லை. ஓரிடத்து நாயை அகற்றினால், அங்கே கிடைக்கும் உணவைத் தேடி அடுத்த தெரு நாய் வந்துவிடுகிறது. 1996 முதல், நீலச் சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகளின் துணையோடு, பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறைக்கு அம்மாநகர் மாறியது. இலங்கை அரசும் 2006இல் தெருநாய்களைக் கொல்வதைக் கைவிட்டது. ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பர். ஆனால் கேள்வி முடிந்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க ஆணையிட்டு, பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் அதைத் திருத்தி, ஊசி போட்டு விட்டுவிடலாம் என்றது. கடி பட்ட குழந்தையின் தாயும், நாய்க்குச் சோறிடும் மூதாட்டியும் ஒரே வழக்கில் எதிரெதிரே நின்றார்கள். இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து.

நாயும் பூனையும் சினையாகி இரண்டு மாதத்தில் ஈனுபவை. பூனை ஓராண்டில் இரண்டு மூன்று முறை ஈனும். ஈற்றுக்கு நான்கு குட்டி என்று வைத்து, இரண்டாண்டில் ஒரு வீட்டில் எத்தனை என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கைப் போட்டவர் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தை ஓரத்தில் விட்டுவருவதைவிட, தாய்க்கு ஒரு முறை கருத்தடை செய்வது எவ்வளவு எளிது என்று காண்பார்.

நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதை நாம் கண்டோம். இன்னும் சில தோட்டங்கள் மாறும். பெயரும்போது பாயும் பாத்திரமும், சாமிப் படமும் லாரியில் ஏறுகின்றன. நாய் லாரியின் பின்னே சாலைவரை ஓடி வந்து நின்றுவிடுகிறது. குடிபெயர ஒரு மாதம் இருக்கும்போதே அதற்கு ஓர் இடம் தேடுங்கள். தோட்டத்தில் தங்கும் உறவினரிடம் கேளுங்கள், காய்கறிப் பண்ணைக்காரரிடம் கேளுங்கள், விலங்குக் காப்பகங்களிடம் கேளுங்கள். வளர்த்தவர் தேடாத வீட்டை நாய் தானே தேடத் தொடங்குகிறது. அந்தத் தேடலில்தான் அது என் பள்ளி வாயிலுக்கு வந்தது.

அந்த மாணவனுக்கு எல்லா ஊசிகளும் முறைப்படி போடப்பட்டன. நாயைப் பழைய கோழிக்கூட்டில் அடைத்துப் பத்து நாள் கவனித்தோம். பள்ளிக் காவலர்தாம் அதற்குச் சோறு வைத்தார். பத்தாம் நாளும் அது சோற்றை நக்கித் துடைத்துவிட்டு வாலை ஆட்டிற்று. அன்று மாலை அந்த மாணவனின் தந்தையார் வந்து, நான் எதிர்பார்த்தபடி கோபிக்காமல், கூட்டின் முன் நெடுநேரம் குந்தியிருந்துவிட்டு, "இது எங்க பக்கத்து வீட்டு நாய்தாங்க சார். பேரு மணி" என்றார். மறுநாள் சபைக் கூட்டத்தில், நான் முன்பு இட்ட ஆணை தவறானது என்று பிள்ளைகளிடம் கூறினேன். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் பணம் திரட்டி மணிக்குக் கருத்தடை செய்து, ஊசியும் போட்டார்கள். இப்போது அது காவலர் வீட்டில் உரிமத்துடன் இருக்கிறது. பள்ளி வேலிக்குள் வருவதில்லை. அடுத்த ஊசிக்குரிய நாளை ஐந்தாம் ஆண்டு வகுப்பறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். வட்டமிட்டவன் கெண்டைக்காலில் தழும்புள்ள அந்த மாணவனின் தம்பி.